கடைசி எழுத்து ‘ழ்’

மூத்தவள் பெயர் யாழ். இரண்டாவது வயிற்றில் இருக்கும்போதே நானும் அவரும் முடிவு பண்ணிவிட்டோம், அடுத்த பெயரும் ‘ழ்’ என்றுதான் முடிய வேண்டும். தங்கச்சி பிள்ளைகள் இரண்டும் ‘ஷ்’ஷில் முடிகிறார்கள், நாம் மட்டும் சளைத்தவர்களா என்ற வீம்பும் கொஞ்சம் உண்டு.

தமிழில் க், ச், ட் போன்ற வல்லின மெய்யில் சொல் முடியாது. ‘ழ்’ முடியும், ஆனால் சொற்கள் குறைவு. ஏழாம் மாதத்தில் அகராதியைப் புரட்டிப் பழைய டைரியில் எழுத ஆரம்பித்தேன். தமிழ், புகழ், மகிழ், இதழ், குமிழ், சிமிழ். அப்புறம் கூழ், பாழ், ஊழ், உமிழ், கவிழ்.

“கவிழ்னு வெச்சா பள்ளிக்கூடத்துல பெஞ்சோட கவுத்துருவாங்க” என்றார் அவர். தமிழ் எங்கள் தெருவிலேயே மூன்று பேர். எனக்குப் பிடித்தது குமிழ்தான். மூக்குக்கு உவமையாகப் புலவர்கள் சொன்ன பூ அது. “நீர்க்குமிழியா? பட்டுனு உடையுமேடி” என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

பிறந்தது பெண், மக நட்சத்திரம். மகத்துப் பெண் ஜகத்தை ஆளும் என்று மாமாவுக்கு ஒரே பெருமை. கையோடு ஜோசியரிடம் போய் ம, மி, மு, மெ என்று எழுதி வாங்கி வந்தார். “முதல் எழுத்துதாம்மா கணக்கு. கடைசி எழுத்தை எவன் பாக்குறான்?”

டைரியை எடுத்தேன். ‘ம’வில் தொடங்கி ‘ழ்’இல் முடிவது அதில் ஒன்றே ஒன்றுதான். மகிழ். அத்தை மட்டும் “மகிழினின்னு நீட்டுனா அழகா இருக்குமே” என்றார். நீட்டினால் ‘ழ்’ போய்விடுமே அத்தை!

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் ஆஸ்பத்திரியிலேயே பெயரில்லாமல் பதிந்திருந்தார்கள். ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணமில்லை, அதற்குப் பிறகு தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். நாங்கள் ஐந்தாம் மாதமே போய்விட்டோம். தட்டச்சு செய்த பையன் திரையைத் திருப்பிக் காட்டினான். தமிழில் சரி. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ‘எல்’.

“இசட் எச் போடுங்க தம்பி.”

“மகிஸ்னு படிப்பாங்களேக்கா.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பாங்கில் மூத்தவளை ‘யாஸ்’ என்றுதான் கூப்பிட்டார்கள். இருந்தாலும் அக்காவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்றா? யாழின் சான்றிதழைப் பையிலிருந்து எடுத்து நீட்டினேன். எம், ஏ, ஜி, ஐ, இசட், எச் என்று அவன் பக்கத்திலேயே நின்று எழுத்தெழுத்தாகச் சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போனது. பதிவில் ஏறிய பெயரை மாற்றுவது பெரும்பாடு. அதனால் திரையிலேயே பார்த்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்தேன், அத்தைக்கு ‘ழ’ வராது. யாளு, மகிளு. இப்போது சின்னவளுக்கு மூன்று வயது. சாயங்காலம் கொல்லைப்படியில் கிண்ணத்தோடு நின்று அத்தை குரல் கொடுத்தால், முன்பாதி காற்றில் போய் ‘ளூ’ மட்டும்தான் வந்து சேர்கிறது. எவளைக் கூப்பிட்டாலும் இரண்டு பேரும் ஓடிவந்து வாயைத் திறக்கிறார்கள்.