குழாய்க்கு ஒரு கம்பளிச் சட்டை

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்தைத் தூளாக்கும் தொழிற்சாலையில், நான் டீமேக்கர். கொழுந்துக்கு ராத்திரி முழுக்கக் காற்று ஊதவிட்டு வாட்டுவதுதான் 19 வருஷமாக என் பிழைப்பு. அப்படிப்பட்டவனுக்கு, தூக்கத்தில் மூச்சு அடைபடும் வியாதிக்காக மூக்கில் சீபாப் மெஷினின் குழாயை மாட்டித் தானே கொஞ்சம் காற்று வாங்குவதா கஷ்டம் என்றுதான் நினைத்தேன். முதல் ராத்திரி 40 நிமிஷம்கூடத் தாங்கவில்லை. கழற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுப் படுத்தேன்.

என் குறட்டை எங்கள் குவாட்டர்ஸ் வரிசைக்கே தெரிந்த விஷயம். அது இல்லை பிரச்சினை. "குறட்டை விட்டா நான் தூங்கிருவேங்க. அது நின்னு போறப்பதான் பயம். இருவது வரைக்கும் எண்ணுவேன், மூச்சே இருக்காது. அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து எழும்புற மாதிரி ஒரு இழு இழுப்பீங்க" என்றாள் மனைவி. நான் சிரித்து மழுப்பினேன். காலையில் தலைவலி, ராத்திரியில் மூன்று தடவை ஒன்றுக்குப் போவது, எல்லாவற்றையும் சீனி வியாதி என்று நானே முடிவு கட்டி இரத்தம் சோதித்தேன். சீனி இல்லை.

ஒரு நாள் அட்டனில் பஸ் ஏறினேன். டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. சென்கிளேயர் ஞாபகம் இல்லை. தலவாக்கலையில் இறங்க வேண்டியவனை நானுஓயாவில் கண்டக்டர் தட்டி எழுப்பினார். அதையும் சிரித்தே விட்டுவிட்டேன். விடியற்காலை கொழுந்து உருட்டும் ரோலர் மெஷின் பக்கத்தில் நின்றபடியே கண் அசந்து, ஒரு பையன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தபோதுதான் சிரிப்பு நின்றது.

கண்டியில் ஒரு ராத்திரி உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். மணிக்கு 42 தடவை மூச்சு தடைப்படுகிறதாம். 5க்குள் இருந்தால் சரி, 30ஐத் தாண்டினால் கடுமையான நிலை என்றார் டொக்டர். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து வழியை அடைத்துவிடுகிறது. மூளை பதறி எழுப்பிவிடுகிறது, நமக்கோ எழும்பியதே தெரிவதில்லை. இரத்த அழுத்தத்துக்கு நான் விழுங்கும் மாத்திரைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்றார்.

சீபாப் மெஷின் வந்தது. சீட்டுக் காசு மொத்தமும் போனது, அதைப் பேசினால் வீட்டில் சண்டை வரும். அது கொடுப்பது ஒக்சிஜன் இல்லை, நம் அறையில் இருக்கும் அதே காற்றுதான். கொஞ்சம் அழுத்தி ஊதித் தொண்டை மூடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். எனக்கு 10 சென்டிமீட்டர் தண்ணீர் அழுத்தம். ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு விட்டுக் குமிழி வரும்படி ஊதிப் பாருங்கள், எவ்வளவு என்று புரியும். 1981ல் சிட்னியில் கொலின் சல்லிவன் என்ற டொக்டர் இந்த வைத்தியத்தை முதலில் எழுதியபோது, உறிஞ்சுகிற வெக்குவம் கிளீனர் மோட்டாரைத் திருப்பி ஊதவைத்துத்தான் செய்தாராம். வாட்டுகிற இடத்தில் பழைய மோட்டார்களோடு மல்லுக்கட்டும் எனக்கு அந்த மனுஷனை உடனே பிடித்துப்போனது.

ஆனால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் செய்தி வேறு மாதிரிப் போயிருந்தது. டீமேக்கர் ஐயாவுக்கு ஒக்சிஜன் வைத்துவிட்டார்களாம். தோடம்பழத்தோடு மூன்று பேர் பார்க்க வந்தார்கள், அதில் ஒருவர் அழுதேவிட்டார்.

முதல் இரண்டு கிழமை மாஸ்க்கோடு போராட்டம். காற்று கசிந்து கண்ணில் அடிக்கும். வாரை இறுக்குவேன், மேலும் கசியும், மூக்குத்தண்டில் சிவப்பாகத் தழும்பு விழும். கடைசியில் தெரிந்தது, தளர்த்தினால்தான் அந்தச் சிலிக்கோன் விளிம்பு உப்பி முகத்தில் ஒட்டும். நர்ஸ் தங்கச்சி சொன்னபடி டிவி செய்தி பார்க்கும்போது மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பழகினேன். காற்றை விழுங்கி விடியும்போது வயிறு மேளம் போல இருந்த நாட்களும் உண்டு.

என்னை உண்மையில் கலங்கவைத்தது மூக்கு காய்ந்துபோனதுதான். நொதிக்கிற தூளில் பச்சை வாடை போய்ப் பழ வாசனை ஏறும் நேரத்தை மூக்கால்தான் பிடிக்க வேண்டும். ஒரு காலையில் கையில் அள்ளி முகர்ந்தேன், ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பையனிடம் நீட்டி, அவனுக்குப் பரீட்சை வைப்பது போல, "என்னடா சொல்லுது?" என்று கேட்டுச் சமாளித்தேன்.

அதனால் மெஷினில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் டிஸ்டில் வாட்டர் ஊற்றி, ஈரப்பதத்தை உச்சத்துக்கு ஏற்றினேன். ஜனவரிக் குளிர். நடுச்சாமம் களக் களக் என்று ஒரு சத்தம், அடுத்த மூச்சில் மூக்குக்குள் பச்சைத் தண்ணீர். கிணற்றில் விழுந்த மாதிரி அலறி எழும்பினேன். லைட்டைப் போட்டுக் குழாயைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே முத்து முத்தாகக் கோத்து நின்று, வளைவில் ஒரு கை தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

அப்போதுதான் என் மேல் எனக்கே கோபம் வந்தது. காற்றின் ஈரத்தை அளக்க ஈரக் குமிழ், காய்ந்த குமிழ் என்று இரண்டு தெர்மாமீட்டரை தினமும் பார்க்கிறவன் நான். சூடான ஈரக் காற்று குளிர்ந்த குழாய் வழியாகப் போனால் தண்ணீர் விடும் என்பதை வேறு யார் எனக்குச் சொல்ல வேண்டும்? மெஷினைக் கட்டிலைவிடத் தாழ்வாக ஒரு பலகையில் வைத்தேன், விடுகிற தண்ணீர் தொட்டிக்கே திரும்பட்டும் என்று. ஈரப்பதத்தை இரண்டு படி குறைத்தேன். மனைவி தன் பழைய பச்சைக் கம்பளிச் சட்டையின் இரண்டு கைகளையும் வெட்டி, நுனியோடு நுனி தைத்துக் குழாய்க்கு மாட்டிவிட்டாள். முழு நீளத்துக்குப் போதவில்லை. மிச்சத்துக்கு மகனின் காலுறை. பார்க்க மலைப்பாம்பு காற்சட்டை போட்ட மாதிரி இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு சொட்டு வரவில்லை. மூக்கும் பத்து நாளில் வேலைக்குத் திரும்பியது.

போன மழையில் மரம் விழுந்து இரண்டு ராத்திரி கரண்ட் இல்லை. ஒருக்களித்துப் படுத்தும் பார்த்தேன். காலையில் அந்தப் பழைய தலைவலி சொந்தக்காரன் மாதிரி வந்து உட்கார்ந்திருந்தது. 2022ல் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்போது இந்த மெஷின் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

எங்கள் ஸ்டோர் வாச்சர் அண்ணன் நேற்றுத் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "ஐயா, அந்தக் குழாய ஒரு ராவைக்குக் குடுங்க, போட்டுப் பாக்குறேன். வீட்டுல எனக்கும் அதே பேச்சுதான்." இது கண்ணாடி மாதிரி மாற்றிப் போடுகிற சாமான் இல்லை, முதலில் சோதிக்க வேண்டும், அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறு என்றேன். சரி, கண்டிக்குப் போகலாம், ஆனால் பஸ்ஸில் ஏறினால் தனக்குத் தூக்கம் வந்துவிடும், எழுப்ப ஒரு ஆள் வேண்டும் என்றார். வியாழக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன்.