ஒரே பல்பு, இரண்டு மின்தடை
12 வோல்ட் பேட்டரியில் பல்பை மாட்டி, மல்டிமீட்டரைத் தொடரில் இணைத்தால் 1.75 ஆம்பியர் காட்டியது. சரி, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை கிட்டத்தட்ட 6.9 ஓம், இரண்டையும் பெருக்கினால் திறன் 21 வாட், பல்பின் அடியில் அச்சிட்டிருப்பதும் அதே 21தான். அப்புறம் சும்மா இருக்காமல் பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மீட்டரை ஓமுக்குத் திருப்பி அளந்தேன். வெறும் 0.6! மீட்டர் கெட்டுவிட்டதோ என்று அதன் இரு முனைகளையும் ஒட்டவைத்துப் பார்த்தேன், சுழியம்தான் காட்டியது, அதாவது மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது.

விஷயம் டங்ஸ்டன் இழையில். அது வெண்சூட்டில் எரியும்போது மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஆறிய ஓமை வைத்துக் கணக்குப் போட்டால் 20 ஆம்பியர், 240 வாட் வரும். அபத்தமாகத் தெரிந்தாலும் சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் பல்பு இழுக்கப் பார்ப்பது அவ்வளவுதான். பழைய பல்புகள் பெரும்பாலும் போடும்போதே ஃபியூஸ் ஆவதும் இதனால்தான்.