போன்ல வந்த "சுகமா?" மெசேஜும் என் பிள்ளையோட 18 மாசமும்

மொத பிள்ளை வயித்துல இருக்கறப்ப பினாங்குல கிளினிக்ல பிங்க் புக்கு, அதான் கர்ப்பிணிங்க பதிவு புக்கு, போட போனேன், எல்லாருக்கும் எடுக்குற ரத்தம்தான் எனக்கும் எடுத்தாங்க, அதுல எச்ஐவி இருக்குனு வந்துச்சு. நம்ம மலேசியாவுல கர்ப்பிணிங்களுக்கு இந்த டெஸ்ட் 1998-லேர்ந்தே இருக்காம், எனக்கு அன்னிக்குதான் தெரியும். பஸ் ஏறி எப்படி வீட்டுக்கு வந்தேன்னே ஞாபகம் இல்ல. அப்புறம் வீட்டுக்காரருக்கும் பாத்தாங்க, அவருக்கும் இருந்துச்சு.

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி சொன்ன ஒரு விஷயத்த மட்டும் பிடிச்சிக்கிட்டேன். மருந்தே எடுக்காம விட்டா 100 பிள்ளைல 15-லேர்ந்து 45 பிள்ளைக்கு ஒட்டிக்கும், அம்மாவும் பிள்ளையும் ஒழுங்கா மருந்து எடுத்தா 5-க்கும் கீழ போயிடும். அந்த "ஒழுங்கா"தான் கஷ்டம். எனக்கு பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில ஷிப்ட் வேலை, வீட்ல மாமியார் நாத்தனார் எல்லாரும் ஒண்ணா இருக்கோம், என் போன் யார் கையில வேணா இருக்கும். ராத்திரி 9 மணி அலாரத்துக்கு "அரிசி ஊறப்போடு"னு பேர் வெச்சேன், யாரும் கேக்கல.

பிள்ளை பொறந்தப்புறம் 6 வாரம் அதுக்கு கிருமி ஒட்டாம இருக்க ஜிடோவுடின்னு ஒரு மருந்து சிரப், காலையும் ராத்திரியும். தாய்ப்பால் வேணாம்னு சொல்லி பால் மாவு கிளினிக்லயே இலவசமா தந்தாங்க, ஆனா மாமியார் தினமும் ஏம்மா பால் குடுக்கலன்னு கேப்பாங்க, பால் ஊறலன்னு பொய் சொல்லி பாத்ரூம்ல போய் அழுவேன். அந்த சமயத்துலதான் ஒரு எடத்துலேர்ந்து நோய் பேரோட அப்பாயிண்ட்மெண்ட் மெசேஜ் வந்துச்சு. போன் நாத்தனார் கையில. நல்லவேளை பூட்டி இருந்துச்சு, ஆனா ஸ்கிரீன்ல மொத வரி தெரியுதே! நெஞ்சு படபடன்னு ஆயிடுச்சு.

மிஸ்ஸிகிட்ட போய் சொன்னேன். அதுலேர்ந்து வாரா வாரம் "சுகமா?"னு மட்டும் வரும், நான் "சுகம்"னு போடுவேன், "முடியல"ன்னு போட்டா அன்னிக்கே கூப்பிடுவாங்க. கென்யாவுல இப்படித்தான் செஞ்சாங்களாம், வாரம் ஒரு தடவ "மாம்போ?"ன்னு கேப்பாங்க, "சாவா"ன்னா நல்லாருக்கேன், "ஷிடா"ன்னா பிரச்சினை, உடனே நர்ஸ் போன் பண்ணுவாங்க. மெசேஜ் வந்தவங்கள்ல, வராதவங்கள விட அதிகம் பேர் மருந்த விடாம எடுத்தாங்கன்னு 2010-ல எழுதியிருக்காங்க. எனக்கு இது நல்லா புரியும், ஞாபகப்படுத்துறத விட யாரோ ஒருத்தர் பதிலுக்கு காத்திருக்காங்கங்கறதுதான் என்னை மாத்திரை போட வெச்சுச்சு.

நடுவுல டாப்அப் போடாம விட்டு பழைய நம்பர் செத்துப் போச்சு, புது சிம் வாங்குனேன், கிளினிக்ல சொல்லணும்னு தோணவே இல்ல, பிள்ளை ரத்தத்துல கிருமி இருக்கானு நேரா தேடுற 4 மாச பிசிஆர் டெஸ்டையும் தவறவிட்டேன். மிஸ்ஸிதான் வீட்டுக்காரர் நம்பர தேடி கூப்பிட்டாங்க. ஒரே நம்பர் மட்டும் குடுத்துட்டு வராதீங்க, விஷயம் தெரிஞ்ச ஒருத்தரோட நம்பரும் சேத்து குடுங்க. எந்த நேரம் கூப்பிடலாம், மெசேஜ்ல என்ன வார்த்தை வரக்கூடாதுன்னும் மொத நாளே சொல்லிடுங்க.

பிசிஆர்ல எல்லா தடவையும் கிருமி இல்லன்னுதான் வந்துச்சு, ஆனா கிருமிய எதிர்க்க அம்மா உடம்பு உண்டாக்குற ஆன்டிபாடி பிள்ளை ரத்தத்துல ரொம்ப மாசம் தங்கும், அதனால 18 மாசத்துல இன்னொரு டெஸ்ட் எடுத்துதான் முடிப்பாங்க. அன்னிக்கு "சுகமா?" வரல. மிஸ்ஸியே போன் பண்ணி, "இத மெசேஜ்ல போட மனசு வரலம்மா, பிள்ளைக்கு இல்ல"ன்னாங்க.

ராத்திரி 9 மணி அலாரம் இன்னும் அடிக்குது, என் மாத்திரைக்கு.