ஒன்றரை மில்லிமீட்டர்

"அண்ணே, ஒழுகுறது நின்னாப் போதும். ராத்திரி உட்லண்ட்ஸ் தாண்டி மலேசியா போகணும்." அந்தத் தம்பி அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பழைய டூ ஸ்ட்ரோக் பைக், கார்புரேட்டரில் பெட்ரோல் ஒழுகியது. உள்ளே வரும் பெட்ரோலை அடைக்கிற நீடில் வால்வின் ரப்பர் முனையை நகத்தால் தடவினாலே தெரிந்தது, வளையமாகப் பள்ளம். அது உட்காரும் சீட்டோடு மாற்ற வேண்டிய சாமான். கேட்ட இடத்தில் மறுநாள்தான் என்றார்கள். 2003 ஜூலை 1க்கு முன் பதிவான பைக்குகள் 2028 ஜூன் 30க்குப் பிறகு இங்கே சிங்கப்பூரில் ஓடக்கூடாது. இதற்கெல்லாம் யார் சாமான் வாங்கி அடுக்குவார்கள்?

கேஸ்கெட்டை எடுத்துவிட்டு, கார்புரேட்டரைச் சாய்த்து, உள்ளே மிதக்கிற ஃப்ளோட்டின் நாக்கு நீடிலின் ஸ்ப்ரிங் பின்னைத் தொட்டும் அழுத்தாமலும் நிற்கிற இடத்தில் வெர்னியர் அளவுகோல் வைத்தேன். ஃப்ளோட்டின் உயரம் புத்தகத்தில் போட்ட அளவு, பிசகே இல்லை. அதை நாக்கை வளைத்து ஒன்றரை மில்லிமீட்டர் கூட்டினேன். உயரம் கூடினால் பெட்ரோல் மட்டம் இறங்கும். சொட்டு நின்றது. பள்ளம் அப்படியேதான் இருந்தது. கசிகிற பெட்ரோல் வெளியே வழிகிற ஓவர்ஃப்ளோ வாயை எட்டுவதற்குள் ஃப்ளோட் இன்னும் கொஞ்சம் மிதந்து நீடிலை அழுத்த இடம் கிடைத்தது, அவ்வளவே.

சரியாக இருந்ததைத்தான் கெடுத்திருக்கிறேன். மட்டம் இறங்கினால் ஜெட் துளை வழியே ஏறுகிற பெட்ரோல் குறையும், கலவையில் காற்று மிஞ்சி லீன் ஆகும். ஹைவேயில் முழுசாய் முறுக்கி வெகுநேரம் போனால் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். "மெதுவாப் போங்க தம்பி" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. தலையாட்டினார்.

அளவைத் தொடாமல், "நிறுத்தினதும் பெட்ரோல் டேப்பை மூடிடுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். ஓடுகிற எஞ்சின் அந்தக் கசிவை விட அதிகம் குடிக்கும். சொட்டுவது பெரும்பாலும் நிறுத்திய பிறகுதான். அப்போது அது தோன்றவேயில்லை. தோன்றியிருந்தால் மட்டும்? கடற்பாலத்து வரிசையில் ஐட்லிங்கில் ஊர்ந்துகொண்டே போகும்போது எஞ்சின் குடிப்பது கொஞ்சம்தான். சூடான எஞ்சின் பக்கத்தில் பெட்ரோல் சொட்டட்டும் என்று அனுப்பியிருப்பேனா? மாட்டேன். அப்படியென்றால் வளைத்ததுதான் சரியா? அதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

அவர் திரும்பி வரவில்லை. மறுநாள் வந்த நீடில் செட் இழுப்பறையில் கிடக்கிறது. போன மாதம் வேறொரு பைக், அதே பள்ளம், அதே அவசரம். ஒரு மில்லிமீட்டர்தான் வளைத்தேன். டேப்பையும் மூடச் சொன்னேன்.