எந்தக் கடல் இறால்?

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் காலை ஏழு மணிக்கு நாற்பது புலி இறால் வாங்கினேன். ஒவ்வொன்றும் ஒரு சாண் இருக்கும், முதுகில் கறுப்புப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. "எந்த ஊர் இறால் அண்ணே?" என்றேன். "இந்தோனேசியாம்மா" என்றார். அப்படியே குறித்துக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்காததால் என் இறுதியாண்டு ஆய்வில் மூன்று மாதம் போனது.

ஆய்வு இதுதான். புலி இறால் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து பசிபிக்கின் மேற்கு வரை வாழ்கிறது. தாய் இறால் கரையை விட்டுத் தள்ளிப்போய் லட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்துவிட்டு, அலையாத்திக் காடுள்ள முகத்துவாரங்களில் ஒதுங்கி வளரும். இப்படி மிதக்கும் உயிர் கடல் முழுக்க ஒரே கூட்டமாகக் கலந்துவிடுமா, கடலுக்குக் கடல் பிரிந்து நிற்குமா? நம் வழக்கில் சொன்னால், எந்தெந்த ஊர்கள் தங்களுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கின்றன என்று பார்ப்பது.

நீச்சல் காலில் ஒன்றை வெட்டி எத்தனாலில் போட்டால் போதும். கண்ணாடி மாதிரி இருக்கும் தசை சற்று நேரத்தில் பச்சரிசியாய் வெளுத்து விறைத்துவிடும். ஒரு இறாலுக்கும் அடுத்த இறாலுக்கும் நடுவே கத்தரியைத் துடைத்துத் தீயில் காட்ட வேண்டும். ஒன்றின் டிஎன்ஏ இன்னொன்றில் ஒட்டினால் அத்தனையும் பாழ். பிறகு 1994இல் ஃபோல்மர் குழு வெளியிட்ட பிரைமர்களைக் (நகலெடுக்க வேண்டிய இடத்தைப் பிடித்துக் காட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) கொண்டு, மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ மரபணுவின் சுமார் 650 எழுத்துத் துண்டைப் பெருக்கினேன். நகல் உண்டானதா என்று ஜெல்லில் ஓட்டிப் பார்க்க வேண்டும்; முதல் இரண்டு ஜெல்லிலும் ஒன்றும் தெரியவில்லை. நகலெடுக்கும் பிசிஆர் முறையின் வெப்பநிலையை இறக்கிய பிறகு, மூன்றாவது ஜெல்லில் வரிசையாகப் பட்டைகள் ஒளிர்ந்தபோது ஆய்வகத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அம்மாவுக்குப் படம் அனுப்பினேன்.

அந்தத் துண்டுகளின் எழுத்து வரிசைகளைப் படித்து அடுக்கிப் பார்த்தால், நாற்பது இறாலுக்கும் சேர்த்து இரண்டே வகை வரிசை.

பேராசிரியர் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: "இது குளத்து இறால்." மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டும் வரும். ஒரு தாயின் குஞ்சுகளைக் கொண்டே ஒரு பண்ணைக் குளத்தை நிரப்பிவிடலாம். ஒரே குளத்து இறால் நாற்பதை வாங்கி வந்து, அதை ஒரு கடலின் கதையாக எழுதப் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. குளமா கடலா என்று நான்தான் கேட்கவில்லை.

அடுத்து வங்கக் கடல் இறால் தேவைப்பட்டது. நாகப்பட்டினத்தில் இருக்கும் பெரியப்பா மகன் ஊரிலிருந்து வரும்போது பத்து குப்பி எடுத்து வருவதாகச் சொன்னார். அது கூடாது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, ஆய்வுக்காக உயிரினப் பொருளை இந்தியாவுக்கு வெளியே எடுத்துவர, சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். எத்தனாலை விமானத்தில் கொண்டுவர இன்னொரு கட்டுப்பாடு. இந்தச் சட்டம் தேவையானது என்றுதான் நினைக்கிறேன்; நம் கரையின் உயிர்கள் கேட்பாரற்றுப் போகக் கூடாது. ஜீன்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் பிறர் வெளியிட்டிருந்த இந்திய வரிசைகளை எடுத்துக்கொண்டேன், அதிலும் பிடித்த இடம் குறித்திருந்தவற்றை மட்டும்.

உள்ளூர் இறாலுக்கு உபின் தீவுப் பக்கம் கேலோங் (கடலில் கால்நட்டுக் கட்டிய மீன்பிடி மேடை) வைத்திருக்கும் ஒரு அங்கிளைப் பிடித்தேன். ஜோகூர் நீரிணையில் அவர் வலையில் விழும் இறால் கடலில் வளர்ந்தது, அதில் சந்தேகமில்லை. நாள், இடம், வலை எல்லாவற்றையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். இந்த முறை ஏறக்குறைய ஒவ்வொரு இறாலும் ஒரு தனி வகை!

ஆனால் சில வரிசைகளின் வரைபடத்தில், ஒரு எழுத்துக்கு ஒரு சிகரம் எழ வேண்டிய இடத்தில் இரண்டு சிகரங்கள் எழுந்தன. மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் பழைய நகல் உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்டு கிடப்பது இறால் நண்டு இனங்களில் உண்டு. பிரைமர் அதையும் சேர்த்துப் பெருக்கிவிடும். ஒவ்வொரு வரிசையையும் புரதமாக மாற்றி, புரதத்தை முடிக்கச் சொல்லும் நிறுத்தக் குறி நடுவிலேயே வருகிறதா என்று பார்த்து, சந்தேகமானதை எல்லாம் கழித்தேன். பாதி ராத்திரிகள் இதிலேயே கழிந்தன.

கடைசியில் வந்த படம் முன்பே வெளியான ஆய்வுகளோடு ஒத்துப்போனது: இந்தியப் பெருங்கடல் பக்கம் ஒரு கிளை, பசிபிக் பக்கம் இன்னொரு கிளை, நடுவில் நம் வட்டாரத்தில் இரண்டும் கலந்து. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. இன்று கப்பல்கள் வரிசையில் நிற்கும் சிங்கப்பூர் நீரிணை அன்று தரை. சுமத்ராவும் போர்னியோவும் தீபகற்பத்தோடு ஒரே நிலமாகச் சேர்ந்து, இரண்டு பக்கத்து இறாலையும் பிரித்து வைத்திருந்தன. ஈஸ்ட் கோஸ்ட் கரையில் நின்றால் இப்போதெல்லாம் எனக்கு அந்த நிலம்தான் நினைவுக்கு வருகிறது.

போன வாரம் தேக்கா அண்ணனிடம் இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். நேற்றுப் போனபோது, இறால் பெட்டிகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைக் கிழித்து, ரப்பர் பேண்ட் போட்டு எனக்காக எடுத்து வைத்திருந்தார். ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. வீட்டில் விசிறிக்கடியில் விரித்துக் காயவைத்திருக்கிறேன்.