ஏஎல்பி தேர்வுக்குத் தயாராகும் நாட்குறிப்பு

ஜூன் 3

ரயில்வேயில் ரயில் ஓட்டுநருக்குத் துணையாக இருக்கும் உதவி லோகோ பைலட் (ஏஎல்பி) வேலைக்குப் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். இந்த வேலைக்கான மருத்துவத் தரம் ஏ-1. கண்ணாடி இல்லாமலே இரண்டு கண்ணிலும் தூரத்துப் பார்வை 6/6 இருக்க வேண்டும். நிறப்பார்வை, இரவுப் பார்வை எல்லாவற்றிலும் தேற வேண்டும். பார்வைக் குறையைப் போக்க லேசிக் என்ற லேசர் சிகிச்சை செய்தவர்களை எடுப்பதில்லை.

6/6 வரியைப் படித்துவிட்டால் மட்டும் போதாது. கண்முன் +2 லென்ஸ் வைத்தும் பார்ப்பார்கள். அதோடும் அந்த வரி தெளிவாகத் தெரிந்தால் தகுதியில்லை. உள்ளே மறைந்திருக்கும் பிளஸ் பவரைக் கண் தசை இறுகிச் சமாளித்துவிடும், வெறும் கண்ணில் அது வெளியே தெரியாது. அதைப் பிடிக்கத்தான் இந்த லென்ஸ். டாக்டரிடம் இதையும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவப் பரிசோதனை வருவது கடைசியில். எல்லாத் தேர்விலும் தேறியபின் அங்கே தகுதியிழக்க நேர்வது பெருங்கொடுமை.

ஜூன் 5

விண்ணப்பம். ஒரே ஒரு ஆர்ஆர்பிக்குத்தான் (ரயில்வே ஆட்சேர்ப்பு வாரியம்) போட வேண்டும், இரண்டுக்குப் போட்டால் இரண்டும் போகும். கையெழுத்தைச் சேர்த்து எழுதுங்கள். பெரிய எழுத்துகளில் தனித்தனியாகப் போட்டால் நிராகரிப்பார்கள்.

ஜூன் 10

முதல் சிபிடி (கணினி வழித் தேர்வு): 75 கேள்வி, 60 நிமிடம். கேள்விக்கு 48 விநாடி. இது வடிகட்டும் தேர்வு மட்டுமே, மதிப்பெண் இறுதிப் பட்டியலில் சேராது.

தவறான விடைக்கு 1/3 மதிப்பெண் போகும். நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரி லாபம் சுழியம்: கால் பங்கு வாய்ப்பில் 1 வரும், முக்கால் பங்கு வாய்ப்பில் 1/3 போகும். ஆனால் ஒரு விடை நிச்சயம் தவறென்று தெரிந்து அதை விலக்கிவிட்டால், மிச்ச மூன்றில் குறிப்பதற்குச் சராசரியாக 1/9 லாபம். "தெரியாததைத் தொடாதே" என்று கோச்சிங் சென்டர்களில் சொல்வது பாதிதான் சரி.

ஜூன் 14

கணக்கில் நேரம் விழுங்குவது பெருக்கலும் வகுத்தலும்தான், சூத்திரம் அல்ல. ரயில் கணக்குக்கு 18-இன் மடங்குகளை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்: மணிக்கு 36 கி.மீ. என்றால் விநாடிக்கு 10 மீட்டர், 54 என்றால் 15, 72 என்றால் 20, 90 என்றால் 25. 150 மீட்டர் ரயில் 54 கி.மீ. வேகத்தில் 300 மீட்டர் நடைமேடையைக் கடக்க எவ்வளவு நேரம்? 450-ஐ 15-ஆல் வகுத்தால் 30 விநாடி. அவசரத்தில் ரயிலின் நீளத்தை விட்டுவிட்டு 20 என்று குறிப்பவர்கள் நிறைய. அந்த 20 பெரும்பாலும் விடைகளில் ஒன்றாகவே காத்திருக்கும்.

ஜூன் 21

இரண்டாம் சிபிடி. பகுதி ஏ 100 கேள்வி, 90 நிமிடம். பகுதி பி உங்கள் டிரேடு பாடம், 75 கேள்வி, 60 நிமிடம். பி-யில் எல்லாப் பிரிவினருக்கும் 35 சதவீதம் கட்டாயம், அதாவது 26.25 மதிப்பெண். இட ஒதுக்கீட்டுச் சலுகை இதில் கிடையாது. அதற்கு மேல் எடுப்பதால் ரேங்க் ஏறாது. பி-க்கு ஐடிஐ புத்தகத்தை ஒழுங்காகத் திருப்பினால் போதும், மிச்ச நேரத்தை ஏ-க்குக் கொடுங்கள். ஏ-யில் பலரும் ஒதுக்கிவைப்பது பொறியியல் வரைபடம். அதில் மேல்தோற்றம், பக்கத்தோற்றம், கோடுகளின் வகை என்று வரையறைக்குள் கேட்கிறார்கள், சீக்கிரம் முடித்துவிடலாம்.

ஜூன் 28

இனி சிபேட், அதாவது கணினி வழித் திறனறித் தேர்வு, பேச்சு வழக்கில் சைக்கோ. நினைவாற்றல், கட்டளைகளைப் பின்பற்றுதல், ஆழம் உணர்தல், கவனக்குவிப்பு, பார்த்தறியும் வேகம் என்று ஐந்து சோதனைகள். நெகட்டிவ் மார்க் இல்லை, எதையும் காலியாக விடாதீர்கள்.

ஐந்தில் ஒவ்வொன்றிலும் டி-ஸ்கோர் 42 வேண்டும். நான்கில் 65 எடுத்து ஒன்றில் 41 வந்தாலும் வெளியே. டி-ஸ்கோரில் சராசரி 50, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்ற அளவு) 10. ஆகவே 42 என்பது நூற்றுக்கு 42 அல்ல, சராசரியிலிருந்து 0.8 திட்டவிலக்கம் கீழே உள்ள இடம். உங்களோடு எழுதுபவர்கள் வேகமானவர்கள் என்றால் அந்தக் கோடும் மேலே போகும். எழுத்துத் தேர்வில் பலமான பாடம் பலவீனமானதைத் தூக்கிவிடும், இங்கே அது நடக்காது. முதல் மாதிரித் தேர்விலேயே எந்தச் சோதனை கடைசியில் நிற்கிறதென்று பார்த்து, பயிற்சியில் பாதியை அதற்கே ஒதுக்குங்கள்.

ஜூலை 2

ஆழம் உணர்தல்: அடுக்கிய செங்கல் படம். குறிப்பிட்ட கல்லை எத்தனை கற்கள் தொடுகின்றன என்று எண்ண வேண்டும். கண் போன போக்கில் எண்ணினால் பின்னால் மறைந்த கல் விட்டுப்போகும். மேல், கீழ், இடம், வலம், முன், பின் என்று ஒரே வரிசையில் போங்கள். ஒரு கல் குறுக்கே கிடந்தால் அதன் கீழே ஒன்றுக்கு மேற்பட்ட கற்கள் இருக்கலாம், பிசகு பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். மாதிரி வினாக்கள் லக்னோவில் உள்ள ஆர்டிஎஸ்ஓவின் (ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பு) இணையதளத்தில் இலவசமாகவே இருக்கின்றன.

சிபிடியைத் தமிழில் எழுதலாம். சிபேட் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். தமிழ்வழியில் படித்தவர்கள் அந்தந்தச் சோதனையின் விதிமுறைகளை ஆங்கிலத்தில் முன்கூட்டியே படித்துப் பழகுங்கள். சிபேட் நாளன்று கண் பார்வைச் சான்றிதழ் அறிவிக்கையில் கொடுத்த படிவத்தில் கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே விடமாட்டார்கள்.

இறுதிப் பட்டியலில் பகுதி ஏ-க்கு 70 சதவீதம், சிபேட்டுக்கு 30.

ஜூலை 9

இன்டர்வியூவுக்கு என்ன கேட்பார்கள் என்பது அடிக்கடி வரும் கேள்வி. இன்டர்வியூவே கிடையாது. மத்திய அரசின் குரூப் சி பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் அதை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக நிற்பது சான்றிதழ் சரிபார்ப்பு.

நம் ஊர்க்காரர்கள் இங்கே மாட்டுவது இரண்டு விஷயத்தில். ஒன்று இனிஷியல்: பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து, ஆதாரில் அப்பாவின் முழுப்பெயர். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதையே போட்டு, ஆதாரை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளுங்கள். இன்னொன்று சாதிச் சான்றிதழ்: மாநில அரசின் பிசி, எம்பிசி சான்றிதழ் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வரவில்லை என்ற வாசகத்தோடு ஓபிசி சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதே "மத்திய அரசு வேலைக்கு" என்று சொல்லிவிடுங்கள், கைக்கு வந்ததும் தேதி அறிவிக்கையில் கேட்ட காலத்துக்குள் விழுகிறதா என்று பாருங்கள்.