நிறுத்தினால் தப்பு என் மேல்தான் என்று ஆகிவிடுமா?

மேஜை மேல் ஒரு ரூல்டு நோட்டு கிடந்தது. அட்டையில் பெயர் எதுவும் இல்லை. உள்ளே வரிசையாகத் தேதிகள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தார், என்ன உடைந்தது, குழந்தை விழித்துக்கொண்டதா என்று ஒரு வரி. சில தேதிகளுக்கு எதிரே ஒரு சின்ன வட்டம் மட்டும் இருந்தது. அன்றைக்கு அவர் குடிக்கவில்லை.

"நீங்களே பாருங்க சார். நான் ஒண்ணும் இட்டுக்கட்டிச் சொல்லல" என்றார் அந்த அம்மா.

கணவர் நோட்டின் பக்கமே திரும்பவில்லை. "நிறுத்த முடியாதுன்னு இல்ல சார். ஆனா இப்ப நான் நிறுத்தினா, இத்தனை வருஷமும் தப்பு பூரா என் மேலதான்னு ஆயிடும்ல? இவங்க வீட்டு ஆளுங்களுக்கு நானே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடும்ல?"

குடிநோய் சிகிச்சைப் பிரிவில் ஆலோசகராகச் சேர்ந்து எனக்குப் பதினான்கு வருடம் ஆகிறது. (சிகிச்சைக்கு வந்தவர்கள் யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதால் விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அவர் கேட்டதை அதற்கு முன்பும் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருக்கிறேன். "முதல்ல இவ வாயைக் குறைக்கட்டும்." "இந்த வீட்டுல நான் மட்டும்தான் நோயாளியா?" ஆரம்ப வருடங்களில் இதையெல்லாம் சாக்கு என்று ஒதுக்கிவிடுவேன். கேஸ் ஷீட்டில் 'பிரச்சினையை ஒத்துக்கொள்ள மறுக்கிறார்' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவேன். அப்படி எழுதியது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்குக் காட்டியது ஒரு பழைய கடிதம். 1930இல் அமெரிக்க நாவலாசிரியர் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் தன் மனைவியின் மருத்துவருக்கு எழுதியது.

'தி கிரேட் கேட்ஸ்பி' எழுதியவர் என்றால் பலருக்குத் தெரியும். எனக்கும் அந்த நாவல்தான் தெரியும், மனிதரைத் தெரியாது. அவருடைய கடிதங்கள் அடங்கிய புத்தகத்தை எங்கள் பிரிவில் இருந்த ஒரு மருத்துவர்தான் கொடுத்தார். "கதைக்காகப் படிக்காதீங்க, நம்ம வேலைக்காகப் படிங்க" என்றார்.

1918இல் அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில், ராணுவத்தில் இருந்தபோது, ஒரு நடன நிகழ்ச்சியில் ஜெல்டா சேயரைச் சந்திக்கிறார் ஃபிட்ஸ்ஜெரால்ட். ஜெல்டாவின் அப்பா அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி. நியூயார்க்கில் ஒரு விளம்பர நிறுவனத்தில் கொஞ்சம் சம்பளத்துக்கு வேலை பார்த்தவரை நம்பிப் போக ஜெல்டாவுக்குத் தயக்கம். 1919இல் நிச்சயதார்த்தத்தை முறித்துவிட்டார். 1920 மார்ச் 26 அன்று முதல் நாவல் வெளிவந்தது, ஏப்ரல் 3 அன்று கல்யாணம். நடுவில் எட்டே நாள். அவருக்கு 23 வயது, ஜெல்டாவுக்கு 19. அதன் பிறகு நியூயார்க், பாரிஸ், பிரான்ஸின் தெற்குக் கடற்கரை என்று பத்து வருடம் விருந்தும் குடியுமாக ஓடியது. அந்தப் பத்து வருடத்தைப் பற்றி எழுதியவர்கள் நிறைய பேர், நான் அதற்குள் போகவில்லை. 1930 ஏப்ரலில் ஜெல்டாவின் மனம் உடைந்தது. சுவிட்சர்லாந்தில் ஜெனிவா ஏரிக்கரையில் இருந்த பிரான்ஜன் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் என்றார்கள். அது வேறு மனநோயாக இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் சிலர் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கே ஜெல்டாவைப் பார்த்தவர் டாக்டர் ஆஸ்கர் ஃபோரல். நீங்களும் குடியை விட வேண்டும் என்று அவர் ஃபிட்ஸ்ஜெரால்டிடம் சொன்னார். அதற்கான பதில்தான் அந்தக் கடிதம். காட்டமான சரக்கை நிரந்தரமாக விட்டுவிடுகிறேன், ஒயினை ஆயுள் முழுக்கத் தொடமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது என்கிறார். நாள் முடிவில் கொஞ்சம் ஒயின் குடிப்பது மனிதனுக்கு உள்ள உரிமைகளில் ஒன்று என்கிறார். இதுவரை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அப்புறம் ஒரு கேள்வி வருகிறது. நான் மொத்தமாகக் குடியை விட்டால், என் குடிதான் அவளை இந்த நிலைக்குத் தள்ளியது என்று அவளுடைய உறவினர்களுக்கும் எங்கள் நண்பர்களுக்கும் நிரூபணமாகிவிடாதா? கடைசியில் நானே அதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாதா?

அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் முன்னால் உட்கார்ந்து இதையே கேட்ட எத்தனை பேரை 'மறுக்கிறார்' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்! அவர்கள் குடியை மறுக்கவில்லை. வீட்டில் பல வருடமாக ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, அதில் குடி ஒரு சாட்சியம். நிறுத்துவது என்றால் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவது. உடம்பு கெட்டாலும் பரவாயில்லை, கையெழுத்து மட்டும் போடமாட்டேன் என்று ஒரு மனிதர் பிடிவாதமாக இருப்பதை அதற்கு முன்பு நான் புரிந்துகொள்ளவே இல்லை.

அந்த வழக்கு எப்படி நடக்கும் என்பதையும் அதே தம்பதி எழுத்தில் விட்டுப்போயிருக்கிறார்கள். 1932இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் மனநலப் பிரிவான ஃபிப்ஸ் கிளினிக்கில் இருந்தபோது ஜெல்டா சில வாரங்களிலேயே ஒரு நாவலை முடித்தார். கணவருக்குக் காட்டாமல் அவருடைய எடிட்டர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு அனுப்பிவிட்டார். ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அதே வாழ்க்கையை வைத்துத்தான் அவரும் பல வருடமாக ஒரு நாவலை இழுத்துக்கொண்டிருந்தார். அது 1934இல் 'டெண்டர் இஸ் தி நைட்' என்று வெளிவந்தது. ஆனால் ஜெல்டாவின் டைரியிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் அவர் முன்பே நிறைய எடுத்திருந்தார். 1930இல் ஜெல்டா எழுதிய ஒரு கதை, கணவர் பெயரை மட்டும் போட்டுப் பத்திரிகையில் வந்தது. அவர் பெயருக்குக் கிடைத்த விலை 4,000 டாலர்.

1933 மே 28 அன்று, பால்டிமோருக்குப் பக்கத்தில் அவர்கள் குடியிருந்த வீட்டில், மனநல மருத்துவர் டாக்டர் தாமஸ் ரென்னி முன்னால் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். ஒரு சுருக்கெழுத்தாளர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். 114 பக்கம் வந்தது. தொழில்முறை நாவலாசிரியன் நான், உன்னைக் காப்பாற்றுவதும் நான், இந்த வாழ்க்கை முழுக்க என் எழுத்துக்கான பொருள், உன்னுடையது எதுவும் இல்லை என்கிறார் ஃபிட்ஸ்ஜெரால்ட். மூன்றாந்தர எழுத்தாளர், மூன்றாந்தர நடனக்காரி என்று மனைவியின் முகத்துக்கு நேரே சொல்கிறார். கதை எழுதுவதை நிறுத்து என்கிறார். ஜெல்டாவும் விட்டுக்கொடுக்கவில்லை. கணவரின் குடியை எடுத்து வைக்கிறார்.

அதைப் பற்றிப் படித்தபோது மனதில் உறைத்தது ரென்னி இருந்த இடம். எதிரில் ஒரு டாக்டர், பக்கத்தில் பேனாவோடு ஒருவர் என்றால், யாராக இருந்தாலும் பதிவில் ஏறுவதற்காகத்தான் பேசுவார்கள். நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், ஒரு தம்பதியை எதிரெதிரே உட்காரவைத்து, "முதலில் நீங்கள் சொல்லுங்கள், அப்புறம் அவர் சொல்லட்டும்" என்று குறித்துக்கொண்டே போனேன். நியாயமாக நடப்பதாகத்தான் நினைத்தேன். ஒன்றரை மணி நேரத்தில் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சொல்ல எதையும் மிச்சம் வைக்கவில்லை. அந்தக் கணவர் மறுபடி வரவே இல்லை. அந்த அறையை நீதிமன்றம் ஆக்கியது நான்தான். இன்றைக்கும் அவர் முகம் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் நியாயம் செய்ய வேண்டும். மனைவியின் மருத்துவச் செலவுக்கும் மகளின் படிப்புக்கும் கடைசி வரை எழுதிச் சம்பாதித்தவர் அவர். கைவிட்டுப் போகவில்லை. அவருடைய நோயைப் பார்க்கத்தான் அந்தக் காலத்தில் ஆள் இல்லை. ஜெல்டாவுக்கு மருத்துவர்கள் இருந்தார்கள், நோய்க்கு ஒரு பெயர் இருந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் 1933க்கும் 1937க்கும் நடுவில் குடிக்காக எட்டு முறை மருத்துவமனையில் சேர்ந்தார். ஒவ்வொரு முறையும் உடம்பிலிருந்து சரக்கை வடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு ஆரம்பித்ததே 1935இல்தான். குடி ஒரு நோய் என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்டது 1956இல், அவர் இறந்து பதினாறு வருடம் கழித்து. நடுவில் 1935இல் வட கரோலினாவில் தங்கியிருந்தபோது, ஜின்னை விட்டுவிட்டேன், பீர் மட்டும்தான் என்று நாள் முழுக்க பாட்டில் பாட்டிலாகப் பீர் குடித்துக்கொண்டிருந்தார். "பீர்தானே சார், அதெல்லாம் கணக்கா?" என்று யாராவது கேட்கும்போது எனக்கு அவர்தான் ஞாபகத்துக்கு வருவார்.

இப்போது முதல் நாளே நான் பேசுவது உடம்பைப் பற்றி. தினமும் நிறையக் குடிக்கிறவர் வீட்டில் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. முதல் நாளே கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்த நாட்களில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும். உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் வார்டில் சேர்த்து, மருந்து கொடுத்து, பி1 வைட்டமின் ஊசி போட்டுப் பார்த்துக்கொள்கிறோம். இதைச் சொல்லும்போது கணவன் மனைவி இருவரும் ஒரே பக்கம் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று பேசும்போது யார் தப்பு என்ற கேள்விக்கு அங்கே இடம் இருக்காது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடி உதை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சே வேறு. அங்கே முதலில் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் பத்திரமாக இருக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. யார் தப்பு என்று பேச வேண்டாம் என்று சொல்லி அவர்கள் வாயை அடைப்பது பெரிய அநியாயம்.

அந்த நோட்டையும் அதனால்தான் நான் வாங்கி வைத்துக்கொள்ளவில்லை. "இத இங்கயே வச்சிட்டுப் போங்கம்மா" என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவரே, "இது இல்லன்னா எனக்கே சந்தேகம் வந்துடும் சார், இதெல்லாம் நடந்துச்சான்னு" என்றார். சரி, வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், இங்கே வரும்போது மட்டும் எடுத்து வராதீர்கள் என்றேன். கணவரிடம், "நீங்க நிறுத்தினா அது உங்க ஈரலுக்காகத்தான். யாருக்கும் எழுதிக் கொடுக்கறதா நான் எடுத்துக்க மாட்டேன். இவங்களும் எடுத்துக்க மாட்டாங்க, கேட்டுப் பாருங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. ஆனால் மறுவாரம் பையோடு வந்து சேர்ந்தார்.

ஃபிட்ஸ்ஜெரால்ட் தம்பதி கடைசியாகச் சேர்ந்திருந்தது 1939 ஏப்ரலில், கியூபாவில். ஓய்வுக்கென்று போன இடத்தில் அவர் குடித்துக்கொண்டே இருந்தார். சேவல் சண்டையை நிறுத்தப் போய் அடி வாங்கினார். பல வருடமாக மனநல மருத்துவமனையில் இருந்த ஜெல்டாதான் அவரைப் பத்திரமாக நியூயார்க் வரை கொண்டுவந்து சேர்த்தார். அவர் அங்கே மருத்துவமனையில் படுத்தார், ஜெல்டா தனியாகத் தன் மருத்துவமனைக்குத் திரும்பினார். மே மாதம் அவர் ஜெல்டாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் அறிந்தவர்களிலேயே மிக அருமையான, மிக மென்மையான, மிக அழகான மனுஷி நீ, அதுகூடக் குறைத்துச் சொல்வதுதான், கடைசியில் நீ பொறுத்துக்கொண்டதை வேறு யாராலும் பொறுத்திருக்க முடியாது என்று. டாக்டர் இல்லை, சுருக்கெழுத்தாளர் இல்லை. ஒன்பது வருடத்துக்கு முன் ஃபோரலிடம் எதை ஒப்புக்கொள்ளப் பயந்தாரோ, அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டார். அதன் பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. 1940 டிசம்பர் 21 அன்று ஹாலிவுட்டில் மாரடைப்பால் இறந்தபோது அவருக்கு 44 வயது. கடைசி வருடத்தில் குடியை விட்டு, ஒரு புது நாவலில் பாதி வரை வந்திருந்தார்.

பையோடு வந்தவருக்கு ஆறாவது நாள் கை நடுக்கம் அடங்கியது. ரவுண்ட்ஸ் முடிந்து நான் கட்டிலருகே போனபோது, டம்ளரை ஒரு கையால் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்.

"அந்த நோட்ட இன்னும் வச்சிருக்காங்களா சார்?"

"வச்சிருக்காங்க."

"சரி, இருக்கட்டும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதுல வட்டம் போட்டிருப்பா இல்ல, அந்தப் பக்கமெல்லாம் ஒரு தடவ பாக்கணும்" என்றார்.